சமூக அறிவியல் வகுப்பறையில் கலைகள்: சயாம் ரயில்பாதையை முன்வைத்து

சயாம் – பர்மா ரயில்பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். கட்டுமானம் 1942ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் தொடங்கியது. இருபுறமிருந்தும் போடப்பட்டு வந்த தண்டவாளங்கள் 1943 அக்டோபர் 17ஆம் நாள் ஒன்றிணைந்தன. நேசநாட்டுப் போர்க்கைதிகள் 60,000க்கும் மேற்பட்டோர் அங்கே வேலை செய்தனர். அவர்களுள் 12,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆசியத் தொழிலாளர்கள் ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர். அவர்களுள் 90,000 பேர்வரை மாண்டிருக்கலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. மலாயாவிலிருந்து கொண்டு செல்லப்பட்டவர்களில் பெரும்பான்மையோர் தோட்டப்புறத் தமிழர்கள்.

இவ்வளவையும் பிழையின்றி எழுதிவிட்டால் தேர்வில் புள்ளிகள் கிடைத்துவிடும். நான் இப்பல்கலைக்கழகத்தில் சமூக அறிவியல் பயின்று வெளியேறியவன். பின்னர் ஒரு கல்லூரியில் சமூகவியல் அறிமுகப் பாடம் நடத்தினேன். முதல் ஆண்டில் இந்த எண்களைத்தான் வெண்பலகையில் எழுதினேன். ஒரு மாணவி கையை உயர்த்தி, "சார், ஒரு புத்தகத்துல இரண்டு லட்சம்னு இருக்கு, இன்னொண்ணுல இரண்டரை லட்சம்னு இருக்கு. தேர்வுல எதை எழுதறது?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். அதற்கு நான் சொன்ன பதில், "பாடநூலில் உள்ளதை எழுது" என்பது. வீடு திரும்பும் வழியில் அந்தப் பதில் என்னை உறுத்திக்கொண்டே வந்தது. ஐம்பதாயிரம் உயிர்கள் கூடினாலும் குறைந்தாலும் எங்கள் இருவருக்கும் அது விடைத்தாளில் எழுதவேண்டிய ஓர் எண் மட்டுமே. இத்தனைக்கும் என் பாட்டியின் அண்ணன் அந்தக் கணக்கில் ஒருவர்.

அதன் பிறகு சில ஆண்டுகள் கதை, ஓவியம், திரைப்படம், நாடகம் ஆகியவற்றை வகுப்பறைக்குள் கொண்டுவந்து பார்த்தேன். சில பலித்தன. ஒன்று மிக மோசமாகத் தோற்றது. ஆசிரியப் பணிக்குச் செல்லவிருக்கும் தம்பி தங்கைகள் இம்மலரை வாசிப்பார்கள் என்பதால் அந்த அனுபவத்தையும், அதற்குப் பின்னணியாக நான் படித்தவற்றையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

ஒத்துணர்வு என்பது யாது?

ஆங்கிலத்தில் 'எம்பதி' எனப்படும் சொல்லுக்கு வயது அதிகமில்லை. அதன் மூலம் 'ஐன்ஃபூலுங்' என்ற ஜெர்மானியச் சொல். ஓர் ஓவியத்தையோ சிற்பத்தையோ பார்க்கும்போது நாம் நம்மை அதனுள் செலுத்தி உணர்கிறோம் அல்லவா? அந்தக் கலை அனுபவத்தை விளக்கவே அச்சொல் முதலில் பயன்பட்டது. தியோடோர் லிப்ஸ் என்னும் அறிஞர் அதை மனிதருக்கு மனிதர் உணரும் உணர்வுக்கும் விரித்தார். 1909இல் எட்வர்ட் டிட்ச்னர் என்ற உளவியலாளர் அதற்கான ஆங்கிலச் சொல்லை உருவாக்கினார். ஆக, கலைக்கும் ஒத்துணர்வுக்கும் உள்ள உறவு நாம் இன்று புதிதாகக் கண்டுபிடித்த ஒன்றன்று.

தமிழில் இரக்கம், பரிவு, அனுதாபம் எனப் பல சொற்கள் உள்ளன. ஆயினும் இரக்கத்தில் ஒரு சிறு சிக்கல் உண்டு. இரங்குபவர் பாதுகாப்பான இடத்தில் நின்றுகொண்டிருக்கிறார். "ஐயோ பாவம்" என்று சொல்லிவிட்டு அவர் தம் வேலையைப் பார்க்கலாம். ஒத்துணர்வு என்பது பிறர் நின்ற இடத்தில் நின்று, அங்கிருந்து என்னென்ன தெரிகிறது, எந்தெந்த வழி அடைபட்டிருக்கிறது என்று பார்ப்பது. அதற்கு உணர்ச்சி மட்டும் போதாது, செய்தியறிவும் வேண்டும். 315ஆம் குறளில் வள்ளுவர் பிறர் துன்பத்தைத் தம் துன்பமாகக் கருதுவதை அறிவின் பயனோடு சேர்த்துப் பேசுவது இங்கே நினைவுகூரத்தக்கது.

சமூகவியல் மாணவர்கள் சி. ரைட் மில்ஸ் 1959இல் எழுதிய 'சமூகவியல் கற்பனை' நூலைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார்கள். ஒரு தனிமனிதனின் தொல்லையையும் ஒரு காலத்தின் பொதுப் பிரச்சினையையும் ஒரே பார்வையில் சேர்த்துக் காணும் திறனையே அவர் அவ்வாறு அழைத்தார். புள்ளிவிவரம் நமக்குப் பொதுப் பிரச்சினையைக் காட்டுகிறது. தனிமனிதன் எங்கே? அவனைக் கதையிலும் ஓவியத்திலும் பாட்டிலும்தான் தேடவேண்டியுள்ளது. மார்த்தா நுஸ்பாம் என்னும் மெய்யியல் பேராசிரியர் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சட்டம் பயிலும் மாணவர்களை நாவல் வாசிக்க வைத்தார். நாளைய நீதிபதிக்கு அந்தப் பயிற்சி தேவை என்று 1995இல் ஒரு நூலும் எழுதினார்.

யாருடைய முகம்?

சயாம் ரயில்பாதை என்றதும் உலகம் நினைப்பது டேவிட் லீன் இயக்கத்தில் 1957இல் வெளிவந்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' திரைப்படத்தை. பியர் பூல் என்ற பிரெஞ்சு எழுத்தாளரின் நாவலைத் தழுவியது. ஏழு ஆஸ்கார் விருதுகளைப் பெற்றது. (படத்தில் வரும் காடும் ஆறும் சயாமே அல்ல, படப்பிடிப்பு நடந்தது இலங்கையின் கித்துல்கலவில்.) நல்ல படம் என்பதில் எனக்கு ஐயமில்லை. பிரிட்டிஷ் கர்னலின் பிடிவாதமும் பெருமிதமும் பார்ப்பவரை உலுக்கிவிடும்.

வகுப்பில் அதன் சில பகுதிகளைப் போட்டுக் காட்டினேன். மாணவர்கள் கண்கொட்டாமல் பார்த்தார்கள். முடிந்ததும் ஒரே கேள்வி கேட்டேன்: "அந்தப் பாதையில் வேலை செய்தவர்களில் நான்கில் மூன்று பங்கினர் ஆசியர்கள். படத்தில் அவர்களில் யாரைப் பார்த்தீர்கள்?" வகுப்பு அமைதியானது. ரயில்பாதையில் உழைத்த ஆசியத் தொழிலாளி ஒருவருக்கும் அக்கதையில் பாத்திரம் கிடையாது.

கலையைப் பாடத்தில் பயன்படுத்துவோர் கவனிக்கவேண்டிய முதல் செய்தி இது. ஒரு கலைப்படைப்பு யாருக்காக நம்மைக் கலங்க வைக்கிறதோ, அவர்களுக்காக மட்டுமே நாம் கலங்குகிறோம். வெளிச்சம் படாத மூலையில் நிற்பவரை நாம் மறந்தே போகிறோம்.

அடுத்த வாரம் ரோனால்ட் சேர்லின் ஓவியங்களைக் காட்டினேன். பின்னாளில் புகழ்பெற்ற கேலிச்சித்திரக்காரரான இவர், 1942இல் சிங்கப்பூர் வீழ்ந்தபோது சிறைப்பட்ட பிரிட்டிஷ் படைவீரர். சாங்கியிலும் சயாம் பாதையிலும் கைதியாக இருந்தபோது, கிடைத்த தாள்களில் ஒளிந்து ஒளிந்து வரைந்தார். காலராவில் விழுந்து கிடந்தவர்களின் படுக்கைக்கு அடியில் அவற்றை மறைத்து வைத்தார். காலரா நோயாளியின் அருகே வரக் காவலர்கள் அஞ்சினார்கள். எலும்பும் தோலுமான அந்த உருவங்கள் இன்று இலண்டனிலுள்ள போர் அருங்காட்சியகத்தில் உள்ளன. 1986இல் நூலாகவும் வெளிவந்தன.

ஒரு மாணவன் கேட்டான்: "சார், நம்மாளுங்க யாரும் வரையலையா?"

அந்த ஒரு கேள்விக்காகவே அந்த இரண்டு வாரங்களையும் செலவிட்டது தகும் என்று எனக்குத் தோன்றியது. வரைவதற்குத் தாளும் பென்சிலும் வேண்டும். வரைந்ததைக் காப்பாற்றி ஊருக்குக் கொண்டுவர ஆள் வேண்டும். கொண்டுவந்ததை மதித்து வாங்கிப் பாதுகாக்க ஒரு நிறுவனம் வேண்டும். போர்க்கைதிகளின் பக்கம் இவை எப்படியோ கூடிவந்தன. காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்கென்று ஏறத்தாழ 7,000 கல்லறைகள் கொண்ட மயானம் இருக்கிறது. புல் வெட்டி, பெயர் பொறித்து, இன்றளவும் பராமரிக்கப்படுகிறது. தோட்டத் தொழிலாளி காட்டில் விழுந்த இடத்திலேயே, பலரோடு பலராக மண்ணுக்குள் போனார். அவர்கள் கதையை நமக்குத் தமிழில் எழுதித் தந்தவர்கள் பின்னால் வந்த மலேசிய எழுத்தாளர்கள். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய இரு நாவல்களையும் இன்னும் வாசிக்காதவர்கள் நூலகத்தில் தேடி வாசிக்கவேண்டும்.

இதன் பிறகுதான் எண்களுக்குத் திரும்பினோம். போர்க்கைதிகளில் ஏறத்தாழ ஐவருக்கு ஒருவர் மாண்டார். ஆசியத் தொழிலாளர்களில், மேற்சொன்ன மதிப்பீட்டின்படி, ஏறத்தாழப் பாதிப்பேர். ஒரே காடு, ஒரே மழை, ஒரே காலரா. ஏன் இந்த வேறுபாடு? முதலில் வந்த பதில்கள் எனக்கு அதிர்ச்சியளித்தன. "வெள்ளைக்காரன் உடம்பு பலம்" என்றான் ஒருவன். "நம்மவங்களுக்குச் சுத்தம் தெரியாது" என்றாள் ஒருத்தி, அவளும் தமிழ்ப்பெண்தான்.

உண்மை வேறு. போர்க்கைதிகள் ஒரு படையாகவே சிறைப்பட்டவர்கள். அவர்களுடன் அவர்களுடைய மருத்துவர்கள் இருந்தார்கள், அதிகாரிகள் இருந்தார்கள், தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடிக்கவேண்டும், கழிப்பிடத்தை இன்ன இடத்தில்தான் தோண்டவேண்டும் என்று கட்டளையிடவும் அதை நிறைவேற்றவும் ஓர் அமைப்பு இருந்தது. தொழிலாளர்கள் வெவ்வேறு தோட்டங்களிலிருந்து தனித்தனியாகவும் குடும்பமாகவும் வந்தவர்கள். சிலர் மனைவி மக்களோடு போனார்கள். அவர்களுக்கென்று மருத்துவர் இல்லை, தலைவர் இல்லை, அவர்கள் சார்பில் பேச ஒரு மொழிகூட இல்லை. 1943ஆம் ஆண்டு மழைக்காலத்தில் காலரா பரவியபோது அந்த வேறுபாடு உயிர்க்கணக்காக மாறியது. மரணத்தைத் தீர்மானித்தது உடல்வாகு அன்று, சமூக அமைப்பு. இதைவிடச் சிறந்த சமூகவியல் பாடம் எனக்குத் தெரிந்து வேறில்லை. ஆனால் திரைப்படத்தையும் ஓவியத்தையும் பார்த்து, "நம்மவர்கள் எங்கே?" என்று கேட்ட பிறகே அந்த எண்களை மாணவர்கள் உற்றுப் பார்த்தார்கள்.

தோற்ற பாடம்

இனித் தோல்வியைச் சொல்கிறேன். ஊக்கம் மிகுந்துபோய், அடுத்த ஆண்டு வகுப்பறையையே முகாமாக மாற்றினேன். மேசைகளை ஒதுக்கிவிட்டு, இருபது பேரைத் தொழிலாளர்களாகவும் நால்வரை ஜப்பானியக் காவலர்களாகவும் நடிக்கச் சொன்னேன். எழுத்துப்படி எதுவுமில்லை. "உணர்ந்து பாருங்கள்" என்றேன். பத்து நிமிடத்தில் காவலர்கள் நால்வரும் துள்ளிக் குதித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் மட்டப்பலகையால் மேசையை அடித்து அடித்துக் கத்தினான். தொழிலாளர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பின்வரிசையில் ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை. வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்து, "எங்க தாத்தாவோட அப்பா அங்கதான் செத்தாரு, சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அடுத்த வகுப்பில் எல்லார் முன்னிலையிலும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். இன்றும் அதை நினைத்தால் கூசுகிறது.

இப்படிப்பட்ட பாவனைகள் ஆபத்தானவை என்பதை நான் முன்னரே படித்துத் தெரிந்திருக்க வேண்டும். 1968 ஏப்ரலில், மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட மறுநாள், அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஜேன் எலியட் என்னும் ஆசிரியை தம் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை நீலக்கண், பழுப்புக்கண் எனப் பிரித்து, ஒரு பிரிவினர் உயர்ந்தவர் என்று அறிவித்தார். உயர்ந்தவராக்கப்பட்ட பிள்ளைகள் எவ்வளவு விரைவாகக் கொடுமைக்காரர்களாக மாறினார்கள் என்பது உலகப் புகழ்பெற்ற செய்தி. சிறு பிள்ளைகளை அப்படிச் செய்யலாமா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. வாஷிங்டனிலுள்ள யூத இனப்படுகொலை நினைவு அருங்காட்சியகம், ஆசிரியர்களுக்கான வழிகாட்டியில், இத்தகைய பாவனை நடிப்புகளைத் தவிர்க்குமாறே கூறுகிறது. ஒரு மணி நேரம் நடித்துவிட்டு உணவுக்கூடத்துக்குப் போகும் மாணவன், "எனக்கு இப்போது தெரியும்" என்று நினைத்துக்கொள்கிறான். தெரியாததைவிட அது மோசம்.

அப்படியென்றால் நாடகமே கூடாதா? கூடும். ஆனால் வேறு வகை நாடகம்.

ஜெர்மானிய நாடகாசிரியர் பிரெக்ட், பார்வையாளர் அழுது முடித்து வீடு திரும்பும் நாடகத்தை ஐயத்தோடு பார்த்தவர். அவர்கள் சிந்திக்கவேண்டும் என்று விரும்பினார். பிரேசில் நாட்டு அகுஸ்தோ போவால் இன்னும் ஒருபடி மேலே போய், பார்வையாளரையே மேடைக்கு அழைத்தார். 1971இல் இராணுவ அரசால் சிறைப்பட்டு வதைக்கப்பட்டவர் அவர். பின்னர் நாடுகடந்து வாழ்ந்தபோது, 1974இல் 'ஒடுக்கப்பட்டோர் அரங்கு' என்ற நூலை வெளியிட்டார். அவர் உருவாக்கிய மன்ற அரங்கில், ஒருவர் ஒடுக்கப்படும் சிறு காட்சி ஒன்று முதலில் முழுமையாக நடிக்கப்படும். பிறகு அதே காட்சி மீண்டும் தொடங்கும். இம்முறை பார்வையாளர் யாரும் "நிறுத்து!" என்று சொல்லி எழுந்துவந்து, ஒடுக்கப்பட்டவரின் இடத்தில் நின்று வேறுவிதமாக நடந்து பார்க்கலாம். மற்ற நடிகர்கள் தத்தம் பாத்திரத்திற்கேற்ப அதற்கு ஈடுகொடுப்பார்கள்.

அண்டை நாடான சிங்கப்பூரில் 'தி நெசசரி ஸ்டேஜ்' நாடகக் குழு 1993இல் இம்முறையை மேடையேற்றியது. பார்வையாளர் என்ன பேசுவார் என்பதை முன்கூட்டியே எழுதிக்கொடுக்க முடியாத நாடகம் அல்லவா? 1994இல் மன்ற அரங்குக்கு அரசு நிதியுதவி இல்லை என்று அறிவிக்கப்பட்டது. 2003இல்தான் அந்த நிலை மாறியது. ஒரு நாடக முறைக்கு இவ்வளவு தயக்கம் என்றால் அதில் ஏதோ ஆற்றல் இருக்கத்தான் வேண்டும்!

லயத்து வாசலில் ஒரு காட்சி

என் பாட்டி சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடமான காட்சி ஒன்று உண்டு. ஜப்பான்காரன் காலம். ரப்பர் வாங்க ஆளில்லை, தோட்டத்தில் வேலையில்லை, மரவள்ளிக்கிழங்கைத் தின்று வயிறு வளர்த்த காலம். கிராணி ஒருநாள் மாலை லயத்துக்கு வந்து, வீட்டுக்கு ஓர் ஆள் பேர் கொடுக்கவேண்டும் என்கிறார். சயாமில் மூன்று மாத வேலை, நாளைக்கு ஒரு வெள்ளி, சாப்பாடு உண்டு. பாட்டியின் வீட்டில் ஆறு பிள்ளைகள். அப்பா போனால் குடும்பம் நிற்காது. மூத்தவர், பாட்டியின் அண்ணன், அப்போது பத்தொன்பது வயது, "நான் போறேன்ப்பா" என்கிறார். மறுநாள் லாரி வருகிறது. போகும்போது அவர் தம் மங்குக் கோப்பையைக் கையோடு எடுத்துக்கொண்டு போனாராம். பாட்டிக்கு அப்போது எட்டு வயது. 2011இல் காலமாகும்வரை, அண்ணனைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அந்தக் கோப்பையில்தான் வந்து நிற்பார். அதன் விளிம்பில் நீலக்கோடு இருந்ததாம்.

இதை மலாயில் மொழிபெயர்த்து மாணவர்களிடம் கொடுத்தேன். வகுப்பில் மலாய், சீன, இந்திய மாணவர்கள் கலந்திருந்தனர். 'லயம்' என்றால் என்ன, 'கிராணி' என்றால் யார் என்று விளக்குவதற்கே அரைமணி நேரம் ஆனது. அந்த அரைமணி நேரமும் பாடம்தான். முகாமைக் காட்டவில்லை, அடிதடி இல்லை, சாவு இல்லை. வாசலில் நடக்கும் அந்த ஐந்து நிமிடம் மட்டும்.

காட்சி ஒருமுறை நடந்தது. இரண்டாம் முறை ஒரு சீன மாணவன் "நிறுத்து!" என்று எழுந்து அண்ணனாக நின்றான். "நான் காட்டுக்குள் ஓடிவிடுகிறேன்" என்றான். கிராணியாக நின்ற மாணவி சற்று யோசித்துவிட்டு, "சரி, அப்போ உங்க அப்பா பேரை எழுதிக்கிறேன்" என்றாள். அவன் பேச்சற்று நின்றான். இன்னொரு மாணவி வந்து கிராணிக்குக் கையூட்டுக் கொடுக்கப் பார்த்தாள். வாழைமரப் படம் போட்ட ஜப்பானிய நோட்டை நீட்டினாள் (பாட்டி சொன்ன விவரங்களை நன்றாகவே படித்திருக்கிறாள்). "இதுக்கு அரிசி கிடைக்குமா?" என்று கேட்டாள் கிராணி. வேறொருவன், லயத்தில் எல்லாரும் சேர்ந்து மறுப்போம் என்றான். உடனே பக்கத்து வீட்டுக்காரராக நடித்தவன், "எனக்கு நாலு பிள்ளைங்க இருக்கு, நான் வரல" என்று கதவைச் சாத்திக்கொண்டான். அதை யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஆறேழு முயற்சிகள் நடந்தன. பிறகு கிராணியாக நடித்த மாணவி தானாகவே சொன்னாள்: "சார், நான் கெட்டவள்னு நினைச்சுத்தான் நடிக்க ஆரம்பிச்சேன். ஆனா நானும் மேல எண்ணிக்கை காட்டணும். நாற்பது பேர் வேணும்னா நாற்பது பேர். இல்லேன்னா என் தம்பி போகணும்."

முந்தைய ஆண்டு முகாம் நாடகத்தில் எல்லாரும் ஒரு மணி நேரம் துன்பத்தை 'உணர' முயன்று தோற்றார்கள். இங்கே யாரும் எதையும் உணர முயலவில்லை; வழி தேடினார்கள். ஒவ்வொரு வழியும் ஏன் அடைபடுகிறது என்று பார்த்தார்கள். "ஏன் போனாங்க? போகாம இருந்திருக்கலாமே" என்று முதல் வாரத்தில் கேட்டவர்கள் அதன் பிறகு அப்படிக் கேட்கவில்லை. ரப்பர்ச் சந்தையின் சரிவு, தோட்ட நிருவாகத்தின் அடுக்குமுறை, போர்க்காலப் பணவீக்கம் என்று நான் பட்டியலிட்டிருந்த காரணங்கள் எல்லாம் அந்த வாசலிலேயே வந்து நின்றுவிட்டன.

அளவுக்கு மிஞ்சிய நம்பிக்கை வேண்டாம்

கலை மனிதனைப் பண்படுத்தும் என்று மேடைதோறும் பேசுகிறோம். சான்று எவ்வளவு? 2013இல் கிட், கஸ்தானோ ஆகிய இரு ஆய்வாளர்கள் 'சயன்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். இலக்கியத் தரமான புனைகதையைச் சிறிது நேரம் வாசித்தவர்கள், பிறர் கண்களின் படத்தைப் பார்த்து அவர்களுடைய உணர்வை ஊகிக்கும் சோதனையில் கூடுதலாகத் தேறினர் என்றது அது. உலகமெங்கும் நாளிதழ்கள் கொண்டாடின. 2016இலும் 2018இலும் மற்ற ஆய்வாளர்கள் அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது அந்த விளைவு கிட்டவில்லை. ஆகவே, ஒரு சிறுகதை வாசித்தால் ஒத்துணர்வு கூடிவிடும் என்று நாம் மாணவர்களிடம் அடித்துச் சொல்ல முடியாது.

இன்னொரு எச்சரிக்கை உளவியலாளர் பால் புளூம் 2016இல் எழுதிய நூலில் உள்ளது. ஒத்துணர்வு என்பது கைவிளக்கைப் போன்றது. நமக்கு அருகில் இருப்பவர், நம்மைப்போல் இருப்பவர்மீதே அது எளிதில் விழுகிறது என்கிறார் அவர். நூல் முழுவதையும் நான் ஏற்கவில்லை. ஆனால் இந்த ஒரு கருத்து எவ்வளவு உண்மை என்பதை என் வகுப்பிலேயே கண்டேன்.

லயத்துக் காட்சி நடந்த அதே வாரம். வகுப்பிலேயே அதிகம் கலங்கியிருந்த ஒரு தமிழ் மாணவன், மாடிப்படியில் நண்பனிடம் பேசிக்கொண்டு போனது காதில் விழுந்தது. விடுதிக்கு அருகே கட்டட வேலை நடந்துகொண்டிருந்தது. "இந்த பங்களா, நேப்பாள்காரனுங்க தொல்லை தாங்கலடா. சாயங்காலமானா கடையெல்லாம் இவனுங்கதான். ஊரைவிட்டு ஏன்தான் வரானுங்களோ."

அவனைக் கூப்பிட்டுக் கண்டிக்கலாமா என்று நினைத்தேன், கண்டிக்கவில்லை. அவன் பாசாங்கு செய்யவில்லை. கொள்ளுத்தாத்தாவுக்காக அவன் பட்ட வருத்தம் மெய்யானது. பக்கத்துத் தெருத் தொழிலாளிமீது கொண்ட எரிச்சலும் மெய்யானது. விளக்கு ஒருபக்கம் மட்டுமே விழுந்திருந்தது. அதை அங்கே விழவைத்தவனும் நானே. நம்மவர் கதையையே எடுத்தேன், நம்மவர்க்காக அழுதார்கள், நானும் மகிழ்ந்துபோனேன்.

அதற்கடுத்த வாரம் சிங்கப்பூரின் வெளிநாட்டுத் தொழிலாளர் கவிதைப் போட்டியைப் பற்றிப் பேசினோம். 2014இல் தொடங்கிய போட்டி. அவ்வாண்டும் அடுத்த ஆண்டும் முதற்பரிசு பெற்றவர் ஜாகிர் ஹுசேன் கோகன் என்னும் வங்காளதேசத்தவர். கட்டுமானத் துறையில் பணிபுரிந்தவர். சயாம் காட்டில் தாளும் பென்சிலும் இல்லாமற்போன தொழிலாளியைப் பற்றிப் பேசிய அதே மாணவர்களுக்கு, கைத்தொலைபேசியில் கவிதை எழுதும் தொழிலாளியைப் பற்றிச் சொன்னேன். பிறகு ஒரு பணி கொடுத்தேன். வேறு நாட்டிலிருந்து இங்கு வேலைக்கு வந்த ஒருவரிடம், அவர் ஊரைவிட்டுக் கிளம்பிய நாளைப் பற்றி மட்டும் கேட்டு எழுதவேண்டும். யார் வேலை இருப்பதாகச் சொன்னார்? என்ன சம்பளம் என்றார்? கடன் எவ்வளவு? கையில் என்ன எடுத்துக்கொண்டு வந்தார்? பேர் எழுதக்கூடாது, விருப்பமில்லாதவரை வற்புறுத்தக்கூடாது.

மாடிப்படி மாணவன் தன் அடுக்குமாடி வீட்டின் நேப்பாளக் காவலாளியிடம் போயிருந்தான். இரண்டு பக்கம் எழுதிவந்தான். முகவர் சொன்ன சம்பளம் ஒன்று, வந்து பார்த்தது வேறு. நிலத்தை அடகு வைத்து வாங்கிய கடனை அடைக்கவே இரண்டு ஆண்டுகள் ஆயின. கையில் கொண்டுவந்தது ஒரு கம்பளிச் சட்டை. இந்த வெயிலில் அதை ஒருநாளும் போட்டதில்லை. எழுத்தில் பிழைகள் இருந்தன. ஆனால் 'சயாம்' என்ற சொல்லை அவன் எங்குமே பயன்படுத்தவில்லை என்பதைக் கவனித்தேன். தேவைப்படவில்லை போலும்.

"சார், இதை நம்ம லயத்துக் காட்சி மாதிரி போடலாமா?" என்று கேட்டான்.

"அவரைக் கேட்டாயா?" என்றேன்.

போய்க் கேட்டுவந்தான். அவர் வேண்டாமென்று சொல்லிவிட்டாராம். முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும், வேலை போனால் கடவுச்சீட்டில் உள்ள அனுமதியும் போய்விடும் என்றாராம். அந்த வாரம் நாடகம் நடக்கவில்லை. அவர் மறுத்ததற்கான காரணத்தை வெண்பலகையில் எழுதினேன். இரண்டு மணி நேர வகுப்பும் அதைப் பற்றியே பேசிக் கழிந்தது. கிராணியாக நடித்த மாணவிதான் அன்று அதிகம் பேசினாள்.